பார்க்கிங் அலுவலரின் நெஞ்சுக் கமரா மட்டக்களப்புக்குச் சரிவருமா?

"மட்டக்களப்பு நகருக்குள் தரிப்பிடக் காசு வாங்க நிற்கிறவர்களுக்கும் வாகனக்காரருக்கும் வாய்த்தர்க்கம் வருகிறது. லண்டனில் பார்க்கிங் அலுவலர்கள் நெஞ்சில் கமரா மாட்டியிருப்பதைப் பார்த்தேன். இங்கேயும் கொடுத்தால் சண்டை குறையுமா? எங்களை வீடியோ எடுக்க அவர்களுக்கு உரிமை உண்டா? எடுத்ததை நாங்கள் கேட்டு வாங்கலாமா?" என்று ஒரு தம்பி கேட்டிருந்தார்.

அந்த வேலையை நான் செய்திருக்கிறேன். லண்டனில் ஒரு பகுதிச் சபைக்காக ஏழு வருடம் தெருத் தெருவாக நடந்து ரிக்கெட் போட்டேன். அதில் கடைசி நாலு வருடம் நெஞ்சில் கமராவோடு. இப்போது கல்லடியில் இருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன். அவசரக்காரருக்குச் சுருக்கம்: சண்டை கொஞ்சம் குறையும். வீடியோ எடுக்கலாம், விதி எழுதி வைத்தால். கேட்டு வாங்கலாம், அதற்குச் சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் எடுத்த வீடியோ யார் கையில் போய்ச் சேருகிறது என்பதைத் தீர்க்காமல் கமரா வாங்குவதானால், வாங்காமல் இருப்பதே நல்லது.

முதலில் பொருளைப் பார்ப்போம். சிகரெட் பெட்டி அளவு, கையில் எடுத்தால் ஒரு சின்ன போனின் பாரம். சட்டையில் கிளிப்பிலோ காந்தத்திலோ நிற்கும். காலையில் டிப்போவில் வரிசையாகச் சார்ஜில் இருக்கும். என் அட்டையைத் தட்டினால் ஒன்று எனக்கென்று விடுபடும். அன்றைக்கு அது எடுப்பதெல்லாம் என் இலக்கத்தில் பதியும். பின்னேரம் கொண்டுவந்து அந்தச் சார்ஜ் தாங்கியில் வைத்ததும் பதிவு தானாகவே சபையின் சேவருக்கு ஏறி, கமராவிலிருந்து அழிந்துவிடும். இடையில் நான் வெட்டவோ அழிக்கவோ வழியில்லை. கோப்பு பூட்டியபடிதான் கிடக்கும், கமரா களவு போனாலும் எடுத்தவனால் திறந்து பார்க்க முடியாது. இந்த ஒழுங்குதான் முக்கியம், கமரா அல்ல. போனை நெஞ்சுப் பையில் வைத்து வீடியோ எடுப்பதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் முழுக்க இந்தத் தாங்கியில்தான் இருக்கிறது.

எங்களிடம் இருந்த வகைக்கு முன்பக்கம் ஒரு சின்னத் திரை. எதிரே நிற்பவர் தன்னைத்தானே அதில் பார்க்கலாம். விளையாட்டுச் சாமான் என்றுதான் முதலில் நினைத்தேன். ஒரு மார்கழி மாதம், நாலு மணிக்கே இருட்டிவிட்டது, தூறல் வேறு. பஸ் நிறுத்தத்தில் ஒரு வெள்ளை வான் நின்றது. படம் எடுத்து ரிக்கெட் அடித்துக்கொண்டிருக்கும்போது ஓட்டுநர் கையில் தேநீர்க் கோப்பையோடு ஓடி வந்தார். விரல் என் மூக்குக்கு ஒரு சாண் தூரத்தில். அம்மாவிலிருந்து ஆரம்பித்தார். "சேர், இப்போது பதிவைத் தொடங்குகிறேன், குரலும் பதிவாகும்" என்று பாடமாக்கிய வசனத்தைச் சொல்லிவிட்டுப் பொத்தானை அழுத்தினேன். சிவப்பு விளக்கு, திரையில் அவருடைய முகம். கெட்ட வார்த்தையை நடுவிலேயே விட்டுவிட்டு அந்தத் திரையைப் பார்த்தார். தொப்பியைச் சரிசெய்தார். அதன்பிறகு வேறொரு குரலில், "தேத்தண்ணி வாங்கத்தானே போனேன்" என்றார். ரிக்கெட் ரிக்கெட்தான். ஆனால் அந்த விரல் திரும்ப வரவில்லை.

எல்லாரிடமும் இது எடுபடாது. வெறியில் இருப்பவருக்குத் திரையும் தெரியாது, விளக்கும் தெரியாது. என்னோடு வேலைசெய்த ஒருவரின் கமராவையே ஒரு ஆள் பிடுங்கி வீதியில் எறிந்தார்.

இங்கே பலர் தப்பாக விளங்கிக்கொள்ளும் ஒரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். நெஞ்சுக் கமரா ரிக்கெட் போடுவதற்கான கருவி கிடையாது. இங்கிலாந்தில் 2004-ஆம் ஆண்டின் போக்குவரத்து முகாமைச் சட்டம் 2008 மார்ச் 31 முதல் இந்த வேலைக்காரர்களுக்கு சிவில் அமலாக்க அலுவலர் என்று பெயர் வைத்தது. வீதியில் யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை, "வார்டன்" என்பார்கள், அதற்கு முன்னால் ஒரு அடைமொழியும் சேர்த்து. வாகனம் பிழையாக நின்றதற்குச் சாட்சி, கையில் இருக்கும் ரிக்கெட் கருவி எடுக்கும் படங்கள்: இலக்கத்தகடு, மஞ்சள் கோடு, அறிவிப்புப் பலகை, கண்ணாடியில் ஒட்டிய ரிக்கெட். என் காலத்தில் லண்டனில் கூடிய தண்டம் 130 பவுண், 14 நாளுக்குள் கட்டினால் பாதி. பிழையென்றால் சபைக்கு எழுதலாம், சபை மறுத்தால் சுயாதீனத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். இவ்வளவும் கமரா இல்லாமலே ஓடியது, இப்போதும் அப்படித்தான். நெஞ்சுக் கமரா வந்தது அடி, துப்பல், மிரட்டலுக்காக. அப்புறம்தான் "அலுவலர் எனக்கு ஏசினார்" என்ற முறைப்பாடுகளைத் தீர்க்கவும் பயன்பட்டது. அதில் அலுவலர் பிழை என்று தெரியவந்ததும் உண்டு, மறைக்க மாட்டேன்.

பொத்தானைப் பற்றி. எங்கள் விதிப்படி கமரா எட்டு மணிநேரமும் ஓடாது. வழமையில் நிறுத்தத்தில்தான் இருக்கும். சண்டை வரும் போலத் தெரிந்தால், வாயால் சொல்லிவிட்டு ஓடவிட வேண்டும். முடிந்ததும் "பதிவை நிறுத்துகிறேன்" என்று சொல்லி நிறுத்த வேண்டும். சில வகைக் கமராக்கள் பொத்தான் அழுத்துவதற்கு முந்திய அரை நிமிடத்தையும் ஒலி இல்லாமல் சேர்த்துத் தரும், சண்டை யார் தொடங்கியது என்று அதில் தெரியும். ஏன் முழு நேரமும் ஓடவிடுவதில்லை என்றால், வீதியில் நடப்பவர்கள் எல்லாரும் சண்டைக்காரர் இல்லை. பள்ளிக்கூட வாசலில் நிற்கும் பிள்ளைகள், கிளினிக்குக்குள் போகும் ஆள், எல்லாருடைய முகமும் காரணமில்லாமல் சேவரில் ஏறும். எங்களில் ஒருவர் நிறுத்த மறந்து சாப்பாட்டு அறைக்குள் வந்துவிட்டார். மேலாளரைப் பற்றி நாங்கள் பேசிய இருபது நிமிடமும் அழகாகப் பதிவாகியிருந்தது. அதன்பிறகு எல்லாருக்கும் அந்தச் சிவப்பு விளக்கில் ஒரு கண் இருந்தது.

சரி, சண்டை உண்மையிலேயே குறைகிறதா? நடந்த பெரிய ஆய்வுகள் பொலிஸைப் பற்றியவை, பார்க்கிங்காரரைப் பற்றியவை அல்ல. ஆனாலும் உதவும். கலிபோர்னியாவில் ரியால்ட்டோ என்று ஒரு ஊர், ஒரு லட்சம் பேர் அளவு, கிட்டத்தட்ட நம்ம நகரம் போல. 2012-இல் தொடங்கி ஒரு வருடம் அங்கே சோதித்தார்கள். முந்திய வருடத்தோடு பார்க்கும்போது பொலிஸ் மீதான முறைப்பாடு 88 சதவீதம் அளவுக்கு விழுந்தது. இந்த ஒரு எண்ணை வைத்துத்தான் கமரா விற்கிறவர்கள் உலகம் முழுக்கச் சுற்றுகிறார்கள். 2017-இல் வாஷிங்டன் நகரில் 2,000-க்கு மேற்பட்ட பொலிஸாரை வைத்துச் செய்த ஆய்வில், கமரா போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் சொல்லத்தக்க வித்தியாசமே தெரியவில்லை. விற்கிறவர்கள் அதைக் கொண்டுவர மாட்டார்கள். எனக்கு இவை இரண்டையும்விட முக்கியமாகப் படுவது 2016-இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் பல பரிசோதனைகளைச் சேர்த்துப் பார்த்துச் சொன்னது. விதிப்படி, ஒருவரோடு பேசத் தொடங்கியதிலிருந்தே பதிவை ஓடவிட்ட இடங்களில் பொலிஸ் பலம் பிரயோகிப்பது 37 சதவீதம் குறைந்தது. நினைத்தபோது ஓடவிடு, நினைத்தபோது நிறுத்து என்று அலுவலரின் விருப்பத்துக்கு விட்ட இடங்களில் அது 71 சதவீதம் கூடியது. ஒரே கமராதான். பொத்தானுக்கு விதி இருந்ததா இல்லையா என்பதில்தான் எல்லாம் தலைகீழானது.

கமரா காட்டாததும் உண்டு. அது நெஞ்சில் இருந்து எதிரே பார்க்கிறது. கமரா மாட்டியிருப்பவரின் முகம், அவர் முறைத்தாரா, சிரித்துச் சீண்டினாரா, எதுவும் படத்தில் வராது. வாகனக்காரர் கத்துவது மட்டும் அகலக் கோண லென்ஸில் பெரிதாகத் தெரியும். அதனால் பார்ப்பவர் மனம் தன்னாலே மாட்டியவர் பக்கம் சாயும். இதை வேலையிலேயே கண்டேன். என் பதிவுகளில் நான் எப்போதும் நல்லவனாகத்தான் இருந்தேன், நேரில் அவ்வளவு நல்லவன் இல்லை.

யாரும் எழுதாத ஒரு பயன் இருக்கிறது, அது நம்ம ஊருக்கு மிகப் பொருந்தும். எங்கள் பகுதியில் தமிழ்க் கடைகள் அதிகம். "தம்பி, ஊர்க்காரன்தானே, ஒருக்கா விடும்" என்று கேட்காத நாளில்லை. ஒரு யாழ்ப்பாணத்து அண்ணர், கடை வாசலில் மஞ்சள் கோட்டில் வானை விட்டுவிட்டு, ஒவ்வொரு முறையும் ஒரு வடைப் பொதியோடு வருவார். முந்தி அவரைச் சமாளிப்பது பெரும்பாடு. கமரா வந்த பிறகு நெஞ்சைத் தொட்டுக் காட்டி "அண்ணை, இது ஓடுது" என்பேன். ஓடவில்லை, பொய்தான். ஆனால் அவருக்கும் அது வசதி, கோபிக்காமல் வானை எடுத்துக்கொண்டு போவார். மாட்டேன் என்று நான் சொன்னால் பகை, கமரா சொன்னால் பகையில்லை. இனி மட்டக்களப்பை யோசித்துப் பாருங்கள். மறிக்கிற பிள்ளைக்கு வாகனக்காரர் மச்சானாக இருப்பார், இல்லாவிட்டால் மச்சானின் டியூசன் சேராக இருப்பார். அதுவும் இல்லாவிட்டால் போனை நீட்டி "இந்தா, கதை" என்பார். மறுமுனையில் யாரோ ஒரு பெரிய ஆள். அந்தப் போனை வாங்க மாட்டேன் என்று சொல்ல 22 வயதுப் பிள்ளைக்கு ஒரு சாட்டு வேண்டும். நெஞ்சில் சிவப்பு விளக்கு எரிந்தால் போனை நீட்டுகிற கையே பாதி மடங்கிவிடும்.

இப்போது நம்ம நகரம். நகரின் மையமான புளியந்தீவு பெயரிலேயே தீவு. ஆஸ்பத்திரியும், மைக்கல், சிசிலியா பள்ளிக்கூடங்களும், கடைத்தெருவும் ஒரு கைப்பிடி நிலத்துக்குள். 1924-இல் கட்டிய கல்லடிப் பழைய பாலம் ஒற்றைவழிப் பாலம், நகருக்குள் வருகிற வாகனத்தை அதுவே மட்டுப்படுத்தியது. 2013-இல் புதுப்பாலம் வந்தது. வாகனம் வருவது இலகுவாயிற்று, நிற்கிற இடம் ஒரு அடியும் கூடவில்லை. பள்ளி விடுகிற நேரத்தில் ஓட்டோக்களும் வான்களும் மோட்டார் சைக்கிள்களும் நிற்கிற நிலையைப் பார்த்தவருக்கு விளக்கம் தேவையில்லை. காத்தான்குடியிலிருந்தும் ஏறாவூரிலிருந்தும் படுவான்கரையிலிருந்தும் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர் எங்காவது நிறுத்தத்தானே வேண்டும்.

லண்டனை அப்படியே இங்கே வைத்துப் பார்க்க முடியாது. அங்கே தண்டம் போடுகிறவர் ஒருவர்தான். இங்கே இரண்டு ஆட்கள். நிறுத்தக்கூடாத இடத்தில் நிறுத்தினால் தண்டம் எழுதுகிறவர் போக்குவரத்துப் பொலிஸ், மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ். நிறுத்தலாம் என்ற இடத்தில் நிறுத்தியதற்குக் காசு வாங்குகிற உரிமை உள்ளூராட்சி சபைக்கு, அதன் துணைவிதியின் கீழ். அந்த வசூலைச் சபை தானே செய்யலாம், கேள்விப்பத்திரம் கோரிக் குத்தகைக்கும் விடலாம். இலங்கையில் பல நகரங்களில் குத்தகைதான். ஆகவே "பார்க்கிங்காரருக்குக் கமரா" என்று நீங்கள் சொல்லும்போது அது சபை ஊழியரா, குத்தகை எடுத்த கொந்தராத்துக்காரர் வேலைக்கு வைத்த பிள்ளையா, பொலிஸா என்று முதலில் தீர்க்க வேண்டும். என் பதில் முதல் இருவரைப் பற்றியது.

கிழக்கிலேயே வேறொரு ஊரில், பெயர் வேண்டாம், ஒரு பாமசி வாசலில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். ஒரு ஐயா, அறுபத்தைந்து வயதிருக்கும், மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு மருந்து எடுக்கப் போனார். திரும்பி வரும்போது சீட்டில் ஒரு துண்டு. பிள்ளை பக்கத்தில் நிற்கிறான், சாதாரண ரீசேட், கழுத்தில் அடையாள அட்டை இல்லை.

"மனே, ரெண்டு நிமிசம் மருந்தெடுக்க நிண்டதுக்கும் ரிக்கெட்டா?"

"ஐயா, எனக்கு மேல கணக்குக் காட்டணும். நான் என்ன செய்ய?"

"நீ யார் மனே? எந்த ஒப்பீஸ்? இதில சீல் எங்க?"

துண்டை வாங்கிப் பார்த்தேன். கையால் எழுதிய தொகை. தொடர் இலக்கம் இல்லை, நேரம் இல்லை, எந்தத் துணைவிதி என்ற வரி இல்லை, எங்கே முறையிடலாம் என்ற வரியும் இல்லை. ஐயாவுக்குக் காசு பெரிதில்லை, ஒரு பிளேன்டீக்குக் கொடுக்கிற காசுதான். தான் ஏமாற்றப்படுகிறேனா என்பதுதான் அவருக்கு எரிந்தது. அந்தப் பிள்ளைக்கும் பதில் தெரியாது, யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அந்த இடத்தில் நெஞ்சில் கமரா இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? பதில் இல்லாத கேள்வி தெளிவான வீடியோவாகப் பதிவாகியிருக்கும், அவ்வளவுதான். லண்டனில் என்னை ஏசியவர்கள்கூட "நீ யார்" என்று கேட்டதில்லை. இலக்கம் என் தோளில் இருந்தது, சட்டம் ரிக்கெட்டில் அச்சாகியிருந்தது. இங்கே முதல் செலவு சீருடைக்கும், இலக்கமிட்ட அச்சு ரிக்கெட்டுக்கும், ஒழுங்காகக் கீறிய வெள்ளைக் கோட்டுக்கும், தமிழில் கட்டணம் எழுதிய பலகைக்கும் போக வேண்டும். இது கமராவை விட மலிவு, பாதிச் சண்டை இதோடேயே போய்விடும். மாமாங்கத் திருவிழாவில் சைக்கிளுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் கயிறு கட்டி, ரோக்கன் தந்து காசு வாங்குகிற வளவுக்காரரோடு யாரும் சண்டை பிடிப்பதில்லை. காசுக்கு என்ன கிடைக்கிறது என்று கண்ணுக்குத் தெரிகிறது.

அடுத்தது, வெள்ளைக்காரன் எழுதிய எந்த வழிகாட்டியிலும் இராத விஷயம். இந்த மண்ணில் முகத்தை அடையாளம் காட்டுவதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. யுத்த காலச் சுற்றிவளைப்பில் வரிசையாக நிற்க வைத்து, சாக்கால் முகத்தை மூடிக்கொண்டு ஆளைக் காட்டிக்கொடுக்கிற தலையாட்டியின் முன்னால் ஒவ்வொருவராக நடக்கவிட்டதை என் வயதுக்காரர் மறக்கவில்லை. தலை ஆடினால் அந்த ஆள் வீடு திரும்பவில்லை. சீருடை போட்ட ஒருவர் நெஞ்சில் ஒரு கண்ணை வைத்துக்கொண்டு நம்மைப் பார்க்கும்போது சிலருக்கு அடிவயிறு கலங்குகிறதென்றால் அது நியாயம்தான். அதனால்தான் முன்பக்கத் திரை உள்ள வகையை நான் சொல்வேன். என்ன எடுக்கிறார்கள் என்று எடுபடுகிறவரும் பார்க்க வேண்டும். முகத்தைத் தானாகக் கண்டுபிடிக்கிற மென்பொருளை இதோடு சேர்க்கவே கூடாது என்றும் துணைவிதியில் எழுத வேண்டும்.

இதைவிடப் பெரிய பயம் எனக்கு வட்ஸ்அப். ஒரு தமிழ்ப் பிள்ளைக்கும் ஒரு முஸ்லிம் வியாபாரிக்கும் நடுவே பார்க்கிங் வாய்த்தர்க்கம் என்று வையுங்கள். இரண்டு நிமிடத்தில் முடிகிற விஷயம். அதில் இருபது விநாடியை யாராவது வெட்டி முகநூலில் போட்டால், மாலைக்குள் அது பார்க்கிங் பிரச்சினையாக இராது. அது எங்கே போய் நிற்கும் என்று இந்தக் கரையில் உள்ள எல்லாருக்கும் தெரியும். லண்டனில் எங்கள் சபையில் பதிவைத் திறக்க இரண்டே பேருக்கு அனுமதி, எப்போது யார் திறந்தார் என்பதும் பதியப்படும். இங்கே பதிவு கொந்தராத்துக்காரரின் மடிக்கணினியில் கிடந்தால், குத்தகை முடிந்து அவர் போகும்போது அதுவும் அவரோடு போகும். ஆகவே கமரா வாங்குவது சபை, வைத்திருப்பது சபை, திறப்பது சபையின் பெயர் குறித்த அலுவலர். கொந்தராத்துக்காரருக்கு மாட்டுகிற வேலை மட்டும்.

உரிமைக்கு வருவோம். பொது வீதியில் வீடியோ எடுப்பதை மட்டும் குற்றமாக்கும் சட்டம் இங்கே இல்லை, நீங்களும் அவரை எடுக்கலாம். ஆனால் ஒரு சபை முறையாக, தொடர்ந்து ஆட்களின் முகத்தையும் குரலையும் வாகன இலக்கத்தையும் சேகரித்து வைப்பது வேறு கணக்கு. அதற்கு 2022-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. கட்டம் கட்டமாக நடைமுறைக்கு வரும்படி எழுதிய சட்டம் அது. அதன் சாரம்: எதற்காக எடுக்கிறாய் என்று முன்கூட்டிச் சொல், அதற்கு மட்டும் பயன்படுத்து, தேவைக்கு மேல் எடுக்காதே, தேவை முடிந்தால் வைத்திருக்காதே. மாநகர சபைகள் கட்டளைச் சட்டம், 1947-இன் 29-ஆம் இலக்கம், சபைக்குத் துணைவிதி ஆக்கும் அதிகாரத்தைத் தருகிறது. அந்த வழியில் வர்த்தமானியில் வந்த விதியாக இருந்தால்தான் வீதியில் நிற்கிற பிள்ளைக்கும் பலம், உங்களுக்கும் பலம்.

கேட்டு வாங்குவது. 2016-ஆம் ஆண்டின் 12-ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் உள்ளது. அதில் "தகவல்" என்ற சொல்லுக்கான விளக்கத்தில் புகைப்படம், ஒலிப்பதிவு, வீடியோ நாடா, கணினிப் பதிவு எல்லாம் அடங்கும். உள்ளூராட்சி சபையோடு ஒப்பந்தம் செய்து பொதுச்சேவை செய்கிற தனியாரும் அந்த வேலையளவில் பொது அதிகாரசபையாகவே கணக்கு. கொந்தராத்துக்காரர் "நாங்கள் பிரைவேட்" என்று கை விரிக்க முடியாது. பின்னால் நிற்கிற மற்றவர்களின் முகத்தை மறைத்துத் தருவார்கள், அது சரிதான், லண்டனிலும் அப்படித்தான்.

ஆனால் ஒரு பொறி இருக்கிறது. தகவல் அலுவலர் தீர்மானம் எடுக்க 14 வேலை நாள், தீர்மானித்த பிறகு கொடுக்க இன்னும் 14 நாள். கூட்டினால் ஐந்து கிழமை. லண்டன் சபைகள் போல ஒரு மாதத்தில் பதிவு தானாக அழிகிற முறையை இங்கே கண்ணை மூடிக்கொண்டு கொண்டுவந்தால், வீடியோ கைக்கு வருமுன் அழிந்துவிடும். விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது அந்தப் பதிவை அழிக்கக்கூடாது என்று தகவலறியும் சட்டம் சொல்கிறது, ஆனால் மென்பொருளுக்குச் சட்டம் தெரியாது. விண்ணப்பம் கிடைத்த அன்றே அந்தப் பதிவைத் தனியே பூட்டி வைக்க ஒருவருக்குப் பொறுப்புக் கொடுக்க வேண்டும். அதோடு, தகவலறியும் சட்டம் புதிய பதிவேடுகளை 12 வருடம் பேணச் சொல்கிறது, தரவுப் பாதுகாப்புச் சட்டமோ தேவை முடிந்தால் வைத்திருக்காதே என்கிறது. நெஞ்சுக் கமராப் பதிவு இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டுப்படும். கமராவுக்கு விலை கேட்குமுன் சபை ஒரு சட்டத்தரணியை இருத்தி வைத்துத் தீர்க்க வேண்டிய விஷயம் இது.

காசு வாங்க நிற்கிற பிள்ளைக்கு யாராவது அடித்து வழக்கு நீதவான் நீதிமன்றம் போனால் வீடியோ செல்லுமா? 1995-ஆம் ஆண்டின் 14-ஆம் இலக்கச் சாட்சியச் சிறப்பேற்பாடுகள் சட்டம், சம்பவம் நடக்கும்போதே எடுத்த பதிவைச் சாட்சியமாக ஏற்கிறது. கருவி ஒழுங்காக வேலைசெய்தது, பதிவில் கைவைக்கவில்லை என்று காட்ட வேண்டும். விசாரணைக்கு 45 நாளுக்கு முன்னர் எதிர்த்தரப்புக்கு அறிவித்தல் கொடுக்கவும் வேண்டும். அந்த 45-ஐ மறந்தால் எவ்வளவு தெளிவான வீடியோவாக இருந்தாலும் தகராறுதான்.

செலவு. கமராவின் விலை கேள்விப்பத்திரத்தில் தெரியும், ஆனால் காசைத் தின்பது களஞ்சியம். நல்ல தெளிவான வீடியோ மணிக்கு ஏறக்குறைய 1.8 ஜிபி. பத்துப் பேர் எட்டு மணிநேரமும் ஓடவிட்டால் ஒரு நாளைக்கு 144 ஜிபி, முப்பது நாளில் 4,320. அதே பத்துப் பேர் தேவைக்கு மட்டும், நாளுக்கு இருபது நிமிடம் என்றால் முப்பது நாளுக்கு 180 ஜிபிதான். சின்ன ஒரு சேவர் போதும். பொத்தானுக்கு விதி வைப்பது நியாயத்துக்கு மட்டுமில்லை, பணப்பைக்கும் நல்லது. அப்புறம் நம்ம காலநிலை. கச்சான் காற்றுக் காலத்து நடுப்பகல் வெயில் பற்றறியைத் தின்னும், மாரியில் மழை விடாது, வாவிக் காற்றில் உப்பு. தண்ணீர், தூசி தாங்குகிற தரத்தைக் கேள்விப்பத்திரத்திலேயே எழுதாவிட்டால் இரண்டாவது மாரிக்குள் பாதிக் கமரா அலுமாரிக்குள் போகும்.

நான் சபையில் இருந்தால் எல்லாருக்கும் வாங்க மாட்டேன். ரிக்கெட்டையும் பலகையையும் சரிசெய்து ஆறு மாதம் விட்டுப் பார்ப்பேன். அதற்குப் பிறகும் சண்டை நிற்காத இரண்டு மூன்று இடங்களுக்கு, ஆஸ்பத்திரிப் பக்கமும் கடைத்தெருவும் என்று வையுங்கள், நாலு கமரா. முறைப்பாடு எத்தனை, வீடியோ கேட்டவர் எத்தனை, கொடுத்தது எத்தனை என்று மாதாமாதம் நோட்டீஸ் பலகையில் போடுவேன். கேட்டவருக்கு ஒன்றுகூடக் கொடுக்கவில்லை என்றால் அந்த நாலையும் திருப்பி எடுப்பேன். மாட்டியவரின் பக்கத்துக்கு மட்டும் உதவுகிற கமராவுக்கு ஊர்க் காசு எதற்கு.

தம்பிக்கு ஒரு வேலை. எங்காவது நெஞ்சுக் கமராவோடு ஒருவர் உங்களை மறித்தால், "ஓடுதா?" என்று கேளுங்கள், அதுவும் பதிவாகும். அவருடைய இலக்கத்தை எழுதுங்கள். அந்தக் கிழமைக்குள் சபையின் தகவல் அலுவலருக்கு ஆர்.டி.ஐ. 01 படிவம், அதாவது தகவலறியும் சட்டத்தின் விண்ணப்பப் படிவம், கொடுங்கள், கொடுத்ததற்கான பற்றுச்சீட்டை வாங்காமல் வராதீர்கள். நாள், வீதி, எந்தக் கடை வாசல், வாகன இலக்கம் எல்லாம் எழுதி, "பதிவை அழிக்காமல் வைக்கவும்" என்று தனி வரியில் சேருங்கள். நேரத்தை மணி, நிமிடமாகப் போடுங்கள். "பின்னேரம் போல" என்று எழுதினால் தேடிப் பார்த்தோம், கிடைக்கவில்லை என்றுதான் கடிதம் வரும்.